நான் அணைத்த கற்பூரம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். மற்றவர்கள் எழுதும் அனுபவங்களை ரயிலில் போகும்போது படிப்பேனே தவிர, நானும் எழுதலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நேரில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அதான் ஒண்ணும் ஆவலயே!" அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு வந்த கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வண்டி ரிப்பேர் ஷெட். மூன்று பக்கமும் தகரம் அடித்தது, முன்பக்கம் மட்டும் திறப்பு. நான் ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து, அந்தப் பக்கத்து ஷெட்டுகளில் நிற்கும் வண்டிகளுக்கு சீட் கவரும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பேன். மிஷின் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, வண்டியில் மாட்டி அளவு பார்த்துக் கையால் தைக்க வேண்டிய ஓரங்களை மட்டும் ஷெட்டில் செய்வேன்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய பெட்ரோல் வேன். உள்ளே சீட்டையெல்லாம் எடுத்துவிட்டுப் பலகைக் கட்டில், சின்ன அலமாரி, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். கேம்பர் வேன் என்று பெயராம். வீட்டை ஊடு என்று சொல்லும் எங்கள் ஆட்கள் அதற்கு 'ஊட்டு வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருவள்ளூரைச் சேர்ந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை வாங்கியிருந்தார். மறுநாளே மனைவியோடு ஊர் ஊராகக் கோயில் பார்க்கக் கிளம்புவதாக இருந்தார். ஆறு ஜன்னலுக்கும் நீலப் பூப்போட்ட திரை வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை.

பெட்ரோல் டேங்கின் அடியில் ஒட்டுவாயில் கசிவு. டேங்கைக் கழற்றி வெல்டிங் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க இறக்க வேண்டும். இதுதான் அன்றைய வேலை.

ஷெட்டின் மூத்த மெக்கானிக்கிடம் அதை ஒப்படைத்திருந்தார்கள். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். முதலில் ரப்பர் டியூபை டேங்கில் விட்டு, வாயால் உறிஞ்சி இழுத்தார். பெட்ரோல் வாய்க்குள் வந்ததும் துப்பிவிட்டு, கேனில் டியூபைச் சொருகினார். ஷெட்காரர், நாற்பது வயதுக்காரர், கலகலப்பானவர், அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாண்ணே, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. ரெண்டு இட்லி, ஒரு வாய் பெட்ரோல்."

நானும்தான் சிரித்தேன்.

கேன் முக்கால் நிறைந்ததும் டியூபில் துரு அடைத்துக்கொண்டது. மேற்கொண்டு வரவில்லை. வேன் நின்றிருந்தது, வண்டிக்கு அடியில் ஆள் நின்று வேலை செய்ய வெட்டியிருக்கும் குழிக்கு மேலே. அவர் பொறி கிளம்பாமல் இருக்கப் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்போடு குழிக்குள் இறங்கினார். டேங்கின் அடி போல்ட்டைத் திருகினார். துருப்பிடித்த போல்ட் வரவே இல்லை. பிறகு திடீரென்று மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. பெட்ரோல் அவர் முழங்கை வழியாக ஒழுகி, பாதி டப்பிலும் பாதி குழித் தரையிலும் கொட்டியது. "த்தூ, பேஜாரு" என்று அவர் முணுமுணுத்தது வேனுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. நான் பலகைக் கட்டிலில் மண்டியிட்டு, இரண்டாவது ஜன்னலுக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தையலுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு பெயின்ட் கம்பெனியில் டப்பா நிரப்பும் பிரிவில் வேலை செய்தேன். வருடத்துக்கு ஒரு தரம் பாதுகாப்பு வகுப்பு வைப்பார்கள். ஒரு முறை வகுப்பெடுத்தவர் நீளமான தகரச் சாய்வின் கீழ் முனையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். மேல் முனையில் பெட்ரோலில் நனைத்த துணியை வைத்தார். இரண்டுக்கும் நடுவே நாலு முழம் இருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திடீரென்று மெழுகுவத்தியிலிருந்து ஒரு நீல நெருப்பு பாம்பு மாதிரி மேலே ஓடித் துணியைப் பிடித்தது. "பெட்ரோல் எரியறதில்லம்மா, அதோட ஆவிதான் எரியுது. அது கண்ணுக்குத் தெரியாது. மேல போவாது. தண்ணி மாதிரி தரையோட தவழ்ந்து பள்ளத்துல போய் தேங்கும்" என்றார் அவர். படித்ததில் பாதி மறந்துவிட்ட எனக்கு அது மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்குக் காற்றே இல்லை. தகரக் கொட்டகை. அடியில் குழி. குழிக்குள் திறந்த டப்பில் பெட்ரோல். அதன் பக்கத்திலேயே ஒரு மனிதர். நேர் மேலே நான்.

வேனின் அடித்தகட்டில் இருந்த ஓட்டை வழியாகக் கூப்பிட்டேன். "அண்ணே, வாசன தல சுத்துது. வண்டிய வெளிய தள்ளிட்டு எறக்கலாமாண்ணே?"

"வெளிய குழி ஏதும்மா? அப்படித்தான் இருக்கும். பழகிக்கோ."

கீழே இறங்கிப் போய் ஷெட்காரரிடம் சொன்னேன். டப்பையாவது மூடி வெளியே எடுத்து வைத்துவிடலாமே என்று சொல்ல நினைத்தேன். எனக்கு வழக்கமாக வரும் குரல்தான் வந்தது. அவர் காதைச் சாய்த்துக் காட்டினார்.

"இன்னாக்கா, கொசு பாடற மாரி கீது. சத்தமா சொல்லேன்."

பக்கத்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பவும் சொன்னேன்.

"யக்கா, நீ ஊசியப் பாரு. ஸ்பேனர நாங்க பாத்துக்கறோம்."

அதற்கும் சிரிப்பு. நான் திரும்பி வந்து வேனில் ஏறி, வளையம் தைக்கத் தொடங்கிவிட்டேன். கோபம் வந்தது. ஆனால் என் கோபம் எப்போதும் ஊசியில்தான் போகும். அன்றைக்குத் தைத்த தையல்கள் அத்தனையும் நெருக்கமாக விழுந்தன.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷெட்காரர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி டிரைவர் வாயில் பீடியோடு வழி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஷெட்காரர் பாய்ந்து போய் அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"பீடிய வெளிய போட்டு வாண்ணே! பெட்ரோல் எறக்கிக்கினு கீறோம். பத்திக்கிச்சுன்னா அத்தினி பேரும் பஸ்பமா பூடுவோம்!"

இதை என் காதால் கேட்டேன். தெரிந்திருக்கிறது, பயமும் இருக்கிறது என்று நெஞ்சு ஆறியது. நாம்தான் வீணாகப் பயந்தோம் என்றுகூட நினைத்தேன்.

பத்து மணியைத் தாண்டி வண்டியின் சொந்தக்காரர் திருவள்ளூரிலிருந்து வந்து சேர்ந்தார். நெற்றியில் திருமண், கையில் ஒரு பை. பையில் தேங்காய், எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பூஜை போடாம வண்டியில யார் கை வைக்கச் சொன்னா?"

"டேங்க்ல கை வெக்கல சார். பெட்ரோல் மட்டும்தான் எறக்கறோம். இனிமேதான் கழட்டணும்."

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள கற்பூரம் காட்டிடணும். சீக்கிரம், சீக்கிரம்."

வெள்ளிக்கிழமை என்றால் அந்த ஷெட்டிலும் பூஜை உண்டு. எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் எல்லாம் அப்படித்தான். முன்பக்கத் தூணில் மாட்டியிருக்கும் சாமி படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் ஏற்றி, அதே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு மனிதர்களுக்கு. ஷெட்காரர் சுறுசுறுப்பாகப் பித்தளைத் தட்டைத் துடைத்தார். படத்துக்குப் பூ வைத்தார். மணியை எடுத்துக்கொண்டார். தீப்பெட்டியைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வண்டிக்காரரிடம் நீட்டினார். பீடிக்காரரைத் துரத்தினாரே, அதே கையால்.

இப்போது என்னைப் பற்றிய உண்மையையும் சொல்கிறேன். மணிச் சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊசியைத் துணியில் குத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வேனின் பக்கக் கதவில் வந்து நின்றேன். தட்டு வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். பாதுகாப்பு வகுப்பு படித்தவள், தலை சுற்றுகிறது என்று சொன்னவள், நானே அப்படி நின்றேன். இதை நினைத்தால் அவர்கள் மேல் வரும் கோபத்தைவிட என் மேல் வரும் கோபம் பெரிது.

கற்பூரம் பற்றிக்கொண்டது. பெரிய கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு. படத்துக்குக் காட்டிவிட்டு வண்டிக்காரர் தட்டோடு திரும்பி, வேனைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அப்போதுதான் என் காலுக்கு நேர் கீழே, குழிக்குள்ளிருந்து மூத்த மெக்கானிக் இருமினார்.

அந்த இருமல்தான் என்னை எழுப்பியது. தகரச் சாய்வில் ஓடிய நீல நெருப்பு கண்முன் வந்துவிட்டது.

"சார், வேணாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஷெட்காரர் கண்ணை மூடிக்கொண்டு மணி அடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டே வந்தார். வேனுக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. குழியில் இருப்பவர் ஏணியில் கால் வைத்து மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

குதித்தேன். ஓடினேன். தட்டைத் தட்டிவிட்டால் நெருப்பு தரையில் உருளும் என்று அந்த நொடியில் எப்படித் தோன்றியதோ தெரியாது. இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினேன். எரிந்தது. அழுத்தினேன். நெருப்பு அணைந்து, விரலிடுக்கில் கரும்புகை வந்தது.

மணி நின்றது. அடுத்து யாராவது "ஐயோ கை!" என்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம்.

"ஏம்மா!" என்று வண்டிக்காரர் கத்தினார். "கற்பூரத்தைக் கையால அணைக்கறியே, உனக்குப் புத்தி இருக்கா? புது வண்டி வாங்கி முதல் பூஜை! வாயால ஊதினாலே பாவம். எந்த ஊட்டுப் பொம்பள இப்படிப் பண்ணுவா?"

ஷெட்காரரின் முகம் வெளுத்துவிட்டது. பயத்தில் இல்லை, அபசகுனத்தில். "இன்னாக்கா பண்ணிட்ட? வெள்ளிக்கெழம அதுவுமா! ஷெட்டு வெளங்குமா இனிமே?"

அப்போது எனக்குக் குரல் வந்தது. நாற்பத்தேழு வருடமாக எங்கே ஒளிந்திருந்ததோ, அப்படி ஒரு குரல். லேத் பட்டறைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"கீழ ஆள் கீறாருய்யா! டப்பு நெறைய பெட்ரோல் கீது! காலைல பீடி குடிச்சவர நீதான தொரத்தின? பஸ்பமா பூடுவோம்னு நீதான சொன்ன? இது மட்டும் இன்னா, பச்சத் தண்ணியா?"

"அது பீடி, யக்கா!" என்றார் ஷெட்காரர். உண்மையாகவே என்னைப் புரிந்துகொள்ள முடியாமல் பார்த்தார். "இது சாமிது!"

இந்த இரண்டு வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, சமாளிக்கவும் இல்லை. அவர் மனசில் தீப்பெட்டியிலிருந்து வந்த ஒரே நெருப்பு, பீடியில் இருந்தால் நெருப்பு, தட்டில் இருந்தால் நெருப்பில்லை.

அதற்குள் மூத்த மெக்கானிக் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. சட்டைக் கை முழுக்கப் பெட்ரோல். எனக்கு ஒரு தைரியம் வந்தது. இவர் சொல்வார், இவர் உயிர்தானே என்று நினைத்தேன்.

ஷெட்காரர் அவரைக் கேட்டார். "இன்னாண்ணே, அவ்ளோ வாசனையா கீது உள்ள?"

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வண்டிக்காரரைப் பார்த்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் இருக்கறதுதான்" என்றார்.

அவ்வளவுதான். "பாத்தியா?" என்பதுபோல ஷெட்காரர் கையை விரித்தார். வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை ஆகிவிட்டிருந்தது. "போச்சு, ராகு காலம் வந்துடுச்சு. இனி இன்னிக்கு வேணாம், நாளைக்குத்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வேனுக்குள் ஏறி, கத்தரியையும் ஊசி டப்பாவையும் இடது கையாலேயே பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து திரை மாட்டியாகிவிட்டது. ஆறாவது அப்படியே கட்டிலில் கிடந்தது. என்னை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசல் குழாயில் கையைக் காட்டியபோது உருகிய கற்பூரத்தோடு தோலும் வந்தது. அப்போதுதான் அழுதேன். வலியில் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், "எண்ணெய் கொட்டிக்கினியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிப் புரியவைக்கத் தெம்பில்லை. வீட்டில் என் கணவரிடம் மட்டும் நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரும் அதையே சொன்னார். "சரி, அதான் ஒண்ணும் ஆவலல்ல. கோயில்ல ஒரு வெளக்கு ஏத்திட்டு வந்துடு."

ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். எரிந்திருந்தால் நாலு பேர் ஓடி வந்து நான் சொன்னது சரி என்று சொல்லியிருப்பார்கள். எரியாமல் தடுத்ததற்கு சாட்சி கிடையாது. கொத்தாக உயிர் போயிருந்தால்தான் நம்புவீர்களா என்று யாரைப் பார்த்துக் கேட்பது?

சாமி மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வாரமே கோயிலுக்குப் போனேன். தட்டு வந்தபோது கட்டுப் போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒற்றிக்கொண்டேன். அந்த மூத்த மெக்கானிக் மேல்தான் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தவருக்குத் தெரியாதா? தெரியும். வண்டிக்காரர் முன்னால், முதலாளி முன்னால், பூஜைக்கு எதிராக வாய் திறக்க அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காலையில் கொசு பாடுவதுபோல் சொல்லிவிட்டு, சிரித்ததும் பேசாமல் போய்த் தைக்க உட்கார்ந்தவள்தானே நானும்.

இன்றும் என் வலது உள்ளங்கையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வழவழப்பாக, ரேகை இல்லாமல் இருக்கிறது. ஊசி பிடிக்கும்போது அது தட்டுப்படும். வாய் செய்திருக்க வேண்டிய வேலையைக் கை செய்ததால் வந்தது அது. இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதை முதல் தடவையே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மறுநாள் சனிக்கிழமை. டேங்கைப் பற்றவைத்து மாட்டி, காலை ராகு காலம் முடிந்து பத்தே முக்காலுக்கு மறுபடி பூஜை போட்டார்களாம். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா சொன்னார். அதற்கு முன்னால் பெட்ரோல் டப்பையும் கேனையும் மூடிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வண்டியை ஷெட்டுக்கு வெளியே சாலையோரம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்களாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லையாம். பின்னால் நின்று முதலில் தள்ளியவர் மூத்த மெக்கானிக். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, வண்டி கிளம்பிப் போனது. ஆறாவது ஜன்னல் திரையை ஊக்கு குத்தி மாட்டியிருந்தார்களாம்.